நான் குடியிருந்த வீட்டுக்கு நானே புரோக்கர்

வீடு பார்த்துக் கொடுக்கிறவள் என்றால் தனக்கென்று நாலு வீடாவது சேர்த்து வைத்திருப்பாள் என்று ஊரில் ஒரு நினைப்பு. அல்வா கடைக்காரன் தினமும் அல்வாவா தின்கிறான்? பெரிய காஞ்சிபுரத்தில் நான் ஏறாத மாடி இல்லை, திறக்காத பூட்டு இல்லை. ஆனால் நான் படுத்தெழுந்ததெல்லாம் வாடகை வீட்டில்தான். அதிலும் ஒரே வாடகை வீட்டில், இருபது வருடத்துக்கு மேல். அந்த வீட்டைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அதை விற்றுக் கொடுத்த புரோக்கரும் நான்தான்.

இந்தத் தொழிலுக்கு நான் திட்டம் போட்டு வரவில்லை. என் வீட்டுக்காரர் பட்டுக் கடையில் சேல்ஸ்மேன். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் பாயில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்ப்பார்கள், பேச்சு எங்கெங்கோ போகும். அப்படிச் சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா, தன் மாமனார் கடைசிக் காலத்தில் கோயில் பக்கத்தில் இருக்க ஆசைப்படுகிறார், சின்னதாக ஒரு வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். இவர், "எம் பொண்டாட்டியக் கேட்டா தெருவுக்குத் தெரு சொல்லுவா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். எனக்கு அப்போது கைக்குழந்தை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே தெருத்தெருவாகச் சுற்றி அந்தப் பெரியவருக்கு வீடு பிடித்துக் கொடுத்தேன். கமிஷன் என்று கையில் வைத்தபோது கூச்சமாக இருந்தது. அடுத்த தடவை அந்தக் கூச்சம் இல்லை.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் கால் வலிக்கிறது, ஆனால் மனது குளிர்ந்துவிடுகிறது. வாடகைக்கு வீடு இருக்கிறது என்றால் ஒரு சிலேட்டிலோ அட்டையிலோ எழுதிக் கதவில் மாட்டியிருப்பார்கள். அதுவும் இல்லாவிட்டால் இட்லிக் கடைக்காரம்மாவுக்குத் தெரியும், தையல்காரருக்குத் தெரியும். நான் காலையில் கிளம்பினால் நாலு வீட்டுக் காபி, ரெண்டு வீட்டுச் சண்டை, ஒரு வீட்டுக் கல்யாணப் பேச்சு எல்லாம் முடித்துக்கொண்டுதான் திரும்புவேன். வீடு பார்க்க வருகிறவர்களும் வெறும் வீட்டைப் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டில் யார், எதிர்வீட்டில் குழந்தைகள் உண்டா, தெருவில் சாமி வருமா என்று கேட்பார்கள். இன்றைக்கு எல்லாம் செல்போனில் வந்துவிட்டது. போட்டோவில் சமையலறை கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும், நேரில் போனால் ரெண்டு பேர் திரும்ப முடியாது. செல்போனில் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டு எனக்கு போன் செய்து, "அந்தத் தெருவுல தண்ணி எப்டிக்கா?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். அதற்காவது நான் வேண்டியிருக்கிறதே.

எங்கள் ஊர் வீட்டுக்கு எங்கள் ஊர் விலை வைப்பதில்லை, சென்னைதான் வைக்கிறது. ஊரில் பாதி வீட்டின் சொந்தக்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், வாங்க வருகிறவர்களும் அங்கிருந்துதான் வருகிறார்கள். சென்னையில் வெள்ளம் வந்த வருடம், "மேடான எடமாப் பாருங்கம்மா" என்று போன். அங்கே தண்ணீர் இல்லாத வருடம், "கெணறு இருக்கிற வீடாப் பாருங்கம்மா" என்று போன். கொரோனாவில், "தனி வீடாப் பாருங்கம்மா, லிஃப்ட்ல பத்துப் பேரோட போக பயமா இருக்குது" என்று போன். நான் சென்னையைத் தெரிந்துகொண்டது இந்தப் போன்களில்தான். முன்பெல்லாம் பூந்தமல்லியோடு ஊர் முடிந்தது என்பார்கள். அப்புறம் ஸ்ரீபெரும்புதூர் என்றார்கள், சுங்குவார்சத்திரம் என்றார்கள். இப்போது எங்கள் ஊர் வாசலிலேயே வயலில் கல் நட்டு, "சென்னைக்கு மிக அருகில்" என்று போர்டு வைத்திருக்கிறார்கள். சாயங்கால பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து பார்க்கட்டும், அருகில் என்றால் என்ன என்று தெரியும்.

எங்கள் ஊரில் வீட்டின் அளவைத் தறியில் சொல்வது வழக்கம். "ரெண்டு தறி வீடு" என்றால் கூடத்தில் ரெண்டு தறி போட இடம் இருக்கிறது என்று அர்த்தம். தறி போடுகிறார்களோ இல்லையோ, கணக்கு அதுதான். சென்னைக்காரர்கள் சதுர அடியில் கேட்பார்கள். நான் மனதுக்குள்ளேயே தறியைச் சதுர அடியாக்கிச் சொல்வேன். இதுவரை யாரும் டேப் பிடித்துப் பார்த்துச் சண்டைக்கு வந்ததில்லை.

நாங்கள் இருந்தது அம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில், ஒரு ரெண்டு தறி வீட்டில். பிரமாதம் ஒன்றும் இல்லை. வாசலில் நின்று பார்த்தால் கூடம், முற்றம், சமையலறை, கொல்லைக் கதவு, அதற்கு அப்பால் கிணறு வரைக்கும் ஒரே நேர்க்கோடு. கூடத்துத் தரையில் ஓர் இடத்தில் மட்டும் சிமெண்ட் வேறு நிறம். முன்பு தறி இருந்த காலத்தில் நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்கார அங்கே ஒரு பள்ளம் இருந்தது, அதை மூடியிருந்தார்கள். மழைக்காலத்தில் அந்தச் சதுரம் மட்டும் கொஞ்சம் ஈரம் காட்டும். என் மகள் சின்ன வயதில் அதைத் தன்னுடைய ரூம் என்று சொல்லிக்கொண்டு அதற்குள்தான் சொப்பு வைத்து விளையாடுவாள். அவள் அப்பா தெரியாமல் அதில் கால் வைத்துவிட்டால் வாடகை கேட்பாள். தொழில் ரத்தத்தில் இருக்கிறது என்று நாங்கள் சிரிப்போம்.

வீட்டுச் சொந்தக்காரர் பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். நங்கநல்லூரில் ஃபிளாட். நாங்கள் குடிவந்தபோதே அவர் சென்னைக்குப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. நல்ல மனிதர். வாடகை ஏற்றும்போதுகூடத் தயங்கித் தயங்கித்தான் பேசுவார். ஆரம்பத்தில் ஒருமுறை வந்தவர், நான் கொல்லையை வைத்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, "இந்த வீட்ட என்னைக்காவது வித்தா ஒங்களுக்குத்தாம்மா மொதல்ல சொல்வேன்" என்றார். பேச்சுக்குச் சொன்னதுதான். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கிணற்றுக்கு மூடி போட்டது, முற்றத்துக்குக் கம்பி அடித்தது, சுவருக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தது எல்லாம் என் காசில். கேட்டால், "இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு நம்ப வீடுதான" என்பேன்.

ஓர் ஆனி மாதம் காலையில் அவரிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரித்துவிட்டு, "ஏம்மா, நீங்கதான் ஊர்ல வெல நெலவரம் எல்லாம் தெரிஞ்சவங்க. இப்போ நம்ப வீடு வித்தா எவ்ளோ போகும்?" என்று கேட்டார்.

இங்கேதான் நான் கெட்டேன். வேறு யாராக இருந்தாலும் எதற்குக் கேட்கிறார் என்று யோசித்திருப்பார்கள். புரோக்கரிடம் விலை கேட்டால் புரோக்கருக்கு மூளை வேலை செய்யாது, வாய்தான் வேலை செய்யும். நம்ப வீடு என்று வேறு சொல்லிவிட்டாரா, எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "சும்மாவா சார், சாமி வர்ற தெரு. கோயிலுக்கு நடந்து போயி நடந்து வரலாம். கெணத்துல கோடையிலயும் தண்ணி. பின்னாடி சந்துல கார் நிக்கும். பத்திரம் சுத்தம். பக்கத்துத் தெருவுல இதுல பாதி வீடு, தெருக்குத்து வேற, அதுவே என்ன வெலைக்குப் போச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். தெருக்குத்து என்றால் எதிரே வரும் தெரு நேராக வாசலில் வந்து முட்டுவது. அந்த மாதிரி வீட்டை ஒருவரும் லேசில் வாங்கமாட்டார்கள். அப்படி ஏற்றி ஏற்றிச் சொல்லி, கடைசியில் ஊரிலேயே யாரும் கேட்டிராத ஒரு விலையைச் சொன்னேன். பொய் இல்லை. அந்த விலைக்கு அந்த வீடு தகும். என் வீட்டை நான் எப்படிக் குறைத்துச் சொல்வேன்?

அவர் அந்த விலையை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் அவர், "அப்ப வித்துடலாம்மா. பொண்ணு பள்ளிக்கரணைல ஃபிளாட் பாத்திருக்கா. அங்க வெல காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. நீங்களே வித்துக் குடுத்துடுங்க. ஒங்கள விட அந்த வீட்ட யாருக்குத் தெரியும்?" என்றார்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் பார்த்தேன். போனை வைத்துவிட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து, "இன்னா ஆச்சு?" என்றார். சொன்னேன். அவர் சோற்றில் கை வைக்கவில்லை.

"நீ இன்னா வெல சொன்ன?"

சொன்னேன்.

"அடிப்பாவி. கொறச்சு சொல்லியிருந்தா நம்பளே லோன் போட்டு வாங்கியிருக்கலாமேடி. தவள தன் வாயால கெட்ட மாதிரி கெடுத்து வச்சிக்கினு ஒக்காந்திருக்க."

"நம்ப வீட்டக் கொறச்சு சொல்றதுக்கு எனக்கு வாய் வரல."

"நம்ப வீடா? இப்போ யாரு வீடு ஆச்சு பாத்தியா?" என்றார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது குறைவு. நாளெல்லாம் புடவையை விரித்து விரித்து மடிக்கிறவர், பொறுமை அவருக்குத் தொழில். அன்றைக்குத் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் வெட்கத்தை விட்டுச் சொந்தக்காரருக்கு போன் செய்தேன். நாங்களே எடுத்துக்கொள்கிறோம், விலையைக் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்றேன். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "எனக்கும் ஒங்களுக்குக் குடுக்கத்தாம்மா ஆச. ஆனா நேத்து நீங்கதான அந்த வெல தகும்னு சொன்னீங்க? நான் அதவச்சு பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், அவ அங்க பேசிட்டாளே" என்றார். ஊரெல்லாம் என் பேச்சை நம்ப வேண்டும் என்று இத்தனை வருடம் உழைத்தேன். அவரும் நம்பிவிட்டார்.

போனை வைக்கும்முன் ஒன்று சொன்னார். "வீடு பாக்க வர்றவங்ககிட்ட நீங்கதான் குடியிருக்கீங்கன்னு சொல்லிக்க வேணாம்மா. குடியிருக்கிறவங்களே காட்டினா எதையோ மறைக்கிறாங்கன்னு நெனப்பாங்க." இது நானே பத்துப் பேருக்குச் சொன்ன புத்திதான். சரி என்றேன்.

அப்படித்தான் என் வீட்டுக்கு நான் வேற்றாளாகப் போக ஆரம்பித்தேன். ஆள் வருகிறார்கள் என்றால் கூடத்தில் இருந்த எங்கள் குடும்பப் போட்டோவைக் கழற்றிப் பீரோவுக்குள் வைத்துவிடுவேன். கதவைப் பூட்டிக்கொண்டு தெருமுனையில் போய் நிற்பேன். கார் வந்ததும் அழைத்துக்கொண்டு வந்து, ஏதோ அப்போதுதான் சாவி வாங்கி வந்தவள் மாதிரி பூட்டைத் தடவித் தடவித் திறப்பேன். "இருக்கிறவங்க வெளிய போயிருக்காங்க, நீங்க பாருங்க" என்பேன். எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். நான் அவரைப் பார்க்காத மாதிரி இருப்பேன்.

முதலில் ஒருவர் செல்போனில் திசை பார்த்துக்கொண்டே வந்தார். கண் போனில் இருந்ததால் முற்றத்தில் தடுக்கி விழப்போனார். எல்லாம் பிடித்திருந்தது, கூடத்துச் சிமெண்ட் சதுரம் மட்டும் உறுத்தியது. தறிப்பள்ளம் என்றேன். வீட்டு நடுவில் பள்ளமா, வாஸ்துப்படி ஆகவே ஆகாது என்று முகம் வெளுத்தார். "சார், இந்த ஊர்ல பள்ளம் இல்லாத வீடு எது? இந்தப் பள்ளத்துல ஒக்காந்துதான் ஊரே சோறு சாப்ட்டுது" என்றேன். அவர் போய்விட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

அடுத்து ஒரு மாமியாரும் மருமகளும். மாமியார் நேராகச் சமையலறைக்குப் போய், அடுப்பில் இருந்த பாத்திரத்தின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "கீரைக் கொழம்பு. யாரோ நல்லாத்தான் வச்சிருக்கா" என்றார். நன்றி சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். மருமகள் சுவரைப் பார்த்து, "இந்தப் பச்சக் கலரை யாருதான் அடிச்சாங்களோ, கண்றாவி" என்றாள். "குடியிருக்கிறவங்க அடிச்சதுமா. ரசன இல்லாத ஜனங்க" என்றேன். சொல்லும்போது காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்தக் கலருக்காகக் கடையில் எத்தனை அட்டையைப் புரட்டியிருப்பேன். அப்புறம் ஒருவர், மேலே மாடி மாடியாகக் கட்டி ரூம் ரூமாகத் தடுத்துத் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு விடலாம் என்று என் முற்றத்தில் நின்றுகொண்டு ஆகாயத்தை அளந்தார். அவருக்கு விலை ஒத்துவரவில்லை. நான் சொன்ன விலை எனக்கு எதிரியாக இருந்தது போக, அன்றைக்கு ஒருநாள் நண்பனாகவும் இருந்தது.

என் வீட்டுக்காரர் கோபம் தணிந்து ஒரு வழி சொன்னார். "வர்றவங்ககிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லு. இந்த வீட்டுல ஒரு துர்மரணம் நடந்துச்சுன்னு சொல்லு. எவன் வாங்குவான்? அலுத்துப்போயி அவரே வெலையக் கொறச்சுடுவாரு."

அவர் சொன்னது உண்மை. எங்கள் தொழிலில் அந்த ஒரு வார்த்தை போதும். தண்ணீர் வராது என்றால் போர் போடுவார்கள், ஒழுகுகிறது என்றால் ஓடு மாற்றுவார்கள். ராசி கெட்ட வீடு என்றால் மாற்ற ஒன்றும் இல்லை.

"நம்ப பொண்ணு வளந்த வீட்டுக்கு நானே கெட்ட பேரு வைக்கட்டுமா? வச்சா அப்புறம் எடுக்க முடியுமா? நாளைக்கு நம்பளே வாங்கினாலும் அந்தப் பேரோடதான இருக்கணும்?" என்று சத்தம் போட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் உட்கார்ந்துகொண்டது. பாத்திரம் தேய்க்கும்போது, துணி உலர்த்தும்போது, எப்படிச் சொன்னால் நம்புவார்கள் என்று மனது தானாகவே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் வீடு பார்க்கமாட்டார்கள், டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கமாட்டார்கள், குடிபோகமாட்டார்கள். எங்கள் தொழிலுக்கு ஆடி முழுக்க லீவு. மற்ற வருடமெல்லாம் ஆடியைத் திட்டித் தீர்ப்பேன். அந்த வருடம் அம்மனுக்கே கூழ் ஊற்றி நன்றி சொன்னேன்.

அந்த ஒரு மாதம் மாதிரி நான் அந்த வீட்டில் என்றும் இருந்ததில்லை. அதுவரை அது படுத்து எழுந்து ஓடுகிற வீடு. ஊரார் வீட்டுக்குள்தான் நாள் முழுக்க இருந்திருக்கிறேன், என் வீட்டுக்குள் இருந்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. காலை பத்து மணி வெயில் முற்றத்துக் கம்பி வழியாக விழுந்து சமையலறை வாசல்வரை வந்து நிற்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நின்று பார்த்ததே இல்லை. ஆடிக் காற்றில் கொல்லைக் கதவு டப் டப் என்று அடித்துக்கொண்டிருக்கும், அதைக் கேட்டுக்கொண்டே வெறும் தரையில் படுத்துக் கிடப்பேன். கிணற்றடிக் குழாய் சொட்டியது, ஆள் கூப்பிட்டு மாற்றினேன். "யாரு வீட்டுக்கு யாரு செலவு பண்றது?" என்று என் வீட்டுக்காரர் கேலி பேசினார். அவருக்குக் கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம், வீட்டுக்கு வரும்போது குரலே இருக்காது. அந்தக் குரலிலும் கேலிக்கு மட்டும் குறைவில்லை.

சனிக்கிழமை மகள் வந்தாள். சென்னையில் கம்பெனி வேலை, லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறாள். ரூமுக்கு வாடகை இல்லை, கட்டிலுக்கு வாடகை. அதுவும் ஜன்னல் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு விலை, கதவுப் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு விலை. இத்தனை வருடத் தொழிலில் நானே கேள்விப்படாத கணக்கு. வந்தவள் பையைப் போட்டுவிட்டுக் கூடத்தில் கைகாலை நீட்டிப் படுத்தாள். "அம்மா, இந்தக் கூடம் அளவுக்கு எடம் குடுத்தா அங்க ஒரு ஹாஸ்டலே நடத்துவாங்க" என்றாள். வீட்டு விஷயத்தை நான் அவளிடம் போனில் சொல்லவில்லை. அப்போது சொன்னேன். எழுந்து உட்கார்ந்து சுற்றிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "வித்துட்டா நான் லீவுக்கு எங்கம்மா வருவேன்?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது. ஊருக்கெல்லாம் வீடு சொல்லத் தெரிந்தவள், எழுந்து போய் அவளுக்குக் காபி போட்டேன்.

ஆவணி பிறந்த முதல் வாரமே போன் வந்தது. சென்னையில் வேளச்சேரிப் பக்கம் ஏழாவது மாடியில் இருக்கிறவர்கள், கணவனும் மனைவியும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் மோசமானவர்களாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் தெருமுனையில் நின்றேன். திமிராகப் பேசினால் போதும், நான் மனதில் வைத்திருக்கும் வார்த்தையைக் கூசாமல் சொல்லிவிடுவேன்.

அவர்கள் அப்படி இல்லை. செருப்பை வெளியில் விட்டுவிட்டு, "ஆள் இல்லாத நேரத்துல இன்னொருத்தர் வீட்டுக்குள்ள வர்றது ஒரு மாதிரிதான் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா உள்ளே வந்தார். எதையும் தொடவில்லை. கூடத்துச் சதுரத்தைப் பார்த்து, "தறி இருந்த எடமா?" என்று கேட்டு, அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார். என் மகள் இருந்திருந்தால் அவரிடம் வாடகை கேட்டிருக்கமாட்டாள். அவர் கணவர் பச்சைச் சுவரைப் பார்த்து, "கண்ணுக்குக் குளுமையா இருக்குதுல்ல" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

அவர் பத்திரத்து நகலைப் பார்த்துக்கொண்டு கூடத்தில் நிற்க, அந்த அம்மா மட்டும் என்னோடு கிணற்றடிக்கு வந்தார். கேட்டுவிட்டு ஒரு வாளி தண்ணீர் இறைத்தார். முகம் கழுவிக்கொண்டு, ஒரு கை அள்ளிக் குடித்தார். "பன்னெண்டு வருஷமா லாரித் தண்ணிம்மா. அது எந்த ஊர்த் தண்ணின்னே தெரியாது" என்றார். புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டே, ரகசியம் கேட்கிற மாதிரி பக்கத்தில் வந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், ஒளிக்காம சொல்லுங்க. வீடெல்லாம் புடிச்சிருக்குது. ஆனா வீட்டு ராசி எப்டி? இங்க இருந்தவங்க நல்லா இருந்தாங்களா?"

கேட்டுவிட்டார். ஆனி மாதத்திலிருந்து நான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த வார்த்தைக்கு அவரே கதவைத் திறந்துவிட்டார். சொல்லக்கூட வேண்டாம். கொஞ்சம் தயங்கி, "அதெல்லாம் எதுக்குமா இப்போ" என்று இழுத்தால் போதும், அவர்கள் காருக்குப் போய்விடுவார்கள். வீடு இன்னும் ஒரு வருடம் விற்காது. ஒரு வருடத்தில் எதுவும் நடக்கலாம்.

என் வீட்டுக்காரர் கடைக்குப் போகும்முன் கண்ணாடி பார்த்துத் தலை வாருகிற இடம் அங்கேதான், கிணற்றடிச் சுவர். என் மகளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலைத் தண்ணீர் ஊற்றியது அந்தக் கல்மேல்தான். அவளுக்கு வேலை கிடைத்த செய்தி வந்தபோது நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன், ஈரக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். சண்டை போட்டோம், பட்டினி கிடந்த நாள்கூட உண்டு. கெட்டுப்போனோம் என்று ஒருநாளும் இல்லை. அந்தக் கிணற்றின் பக்கத்தில் நின்றுகொண்டு நான் எப்படிப் பொய் சொல்ல?

"நல்லா இருந்தாங்கம்மா" என்றேன். "ரொம்ப நல்லா இருந்தாங்க."

அந்த அம்மா என் கையைப் பிடித்து, "அது போதும்" என்றார்.

கூடத்துக்கு வந்தபோது அவர் கணவர் நகலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. விலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சென்னையில் வாடகைக்கு விட்டிருந்த இன்னொரு ஃபிளாட்டை விற்றபோது ரொம்ப அலைக்கழித்துவிட்டார்கள் போல, அது மட்டும் அவர் மனதில் இருந்தது.

"எங்களுக்குச் சம்மதம்மா. ஒரே ஒரு பயம்தான். அந்த ஃபிளாட்ல வாடகைக்கு இருந்தவங்க காலி பண்ண மாட்டோம்னு உக்காந்துக்கினு உசுர வாங்கிட்டாங்க. இங்க குடியிருக்கிறவங்க தகராறு எதுவும் பண்ண மாட்டாங்களே?"

"மாட்டாங்க சார்" என்றேன். "அவங்கள எனக்கு நல்லாத் தெரியும். சொன்ன நாளுக்கு வீட்டக் கழுவி விட்டுட்டு, சாவிய ஒங்க கையில குடுத்துட்டுப் போயிடுவாங்க."

"பாவம், இவ்ளோ அழகா வச்சிருக்காங்க" என்றார் அந்த அம்மா. "அவங்களுக்கும் நீங்களே நல்ல வீடா ஒண்ணு பாத்துக் குடுத்துடுங்கம்மா."

"பாத்துக்கினு இருக்கேன்மா" என்றேன்.